இராசமலர் மிஸ்ஸின் இடது கை

எழுபத்து நாலு வயதுப் பெண்மணிக்குக் கண் மங்கிவிட்டது என்று வீட்டார் சொன்னால், மறுபேச்சில்லாமல் நம்புவதுதான் ஊர் வழக்கம். இராசமலர் மிஸ்ஸின் விஷயத்தில் ஓர் இடைஞ்சல் இருந்தது. பாவித்த காபன் தாளை வெயிலுக்கு உயர்த்திப் பிடித்து, அதில் பதிந்திருக்கும் எழுத்தை வாசித்துவிடக்கூடிய கண் அவருடையது.

"மாமி, கொழும்புக்குப் போய் உங்கட கண்ணை ஒருக்கால் காட்டுவம்," என்றான் சோமசேகரம். மிஸ்ஸின் காலஞ்சென்ற தம்பியின் மகன்; வங்கியில் வேலை.

"கண்ணுக்கு என்ன?"

"வயசு போகுதுதானே."

"உன்ர பாங்கில ஒட்டியிருக்கிற நோட்டீஸில தேதி பிழை. வெள்ளிக்கிழமை பதினாலு எண்டு கிடக்கு, பதின்மூண்டெல்லோ? ரோட்டில நிண்டே பாத்தனான்."

"அதுதான் மாமி. நல்லா இருக்கேக்கையே காட்டவேணும்."

மிஸ் எழுந்து நடக்கத் தொடங்கினார். அவர் அப்படி நடக்கத் தொடங்கினால் அது நல்ல அறிகுறி அல்ல.

சும்மா இருக்கத் தெரியாத பிறவி அது. துறைமுகப் பக்கத்து அலுவலகம் ஒன்றில் முப்பது வருஷம் சுருக்கெழுத்தும் தட்டச்சும். ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம், "கதிரையில இருந்தால் அது என்னைக் கடிக்குது" என்று சொல்லிவிட்டு, அரசாங்க அதிபரின் கந்தோரான கச்சேரிக்கும் மூதூரிலிருந்து லோஞ்சுப் படகு வந்து சேரும் துறைக்கும் இடையில் ஒரு வாகை மரத்தின் கீழ் மேசை போட்டார். கலியாணம் செய்யவில்லை; அதற்கும் ஓரிடத்தில் இருந்து யோசிக்க நேரம் கிடைக்கவில்லை என்பார். ஊர் முழுக்க அவரை மிஸ் என்றே அழைத்தது.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டில் அந்த மரத்தின் கீழ் மூன்று மேசைகளும் நான்கு தட்டச்சு மெசின்களும் இருந்தன. கூடுதலான நான்காவது சிங்கள மெசின், அதுவும் மிஸ்ஸினுடையது. இராணுவம் பிடித்துக்கொண்டு போன மகனைப் பற்றிய விசாரணைக் கடிதம், உடைந்த வள்ளத்துக்கு நட்டஈடு, தொலைந்த அடையாள அட்டைக்கு முறைப்பாடு எல்லாம் அங்கேதான் அடிக்கப்பட்டன. யுத்தம் நடக்கும் ஊரில் தோட்டாவுக்கு அடுத்தபடியாகச் செலவாகும் பொருள் கடுதாசிதான். தோட்டாவைப் போலவே அதுவும் பெரும்பாலும் குறி தவறித்தான் போகும் என்பது மிஸ்ஸுக்குத் தெரியும். தெரிந்தும் அடித்தார்.

மாசி மாதத்தில் ஒருநாள் குளிக்கும்போது இடது மார்பில் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி கையில் தட்டியது. தலை துவட்ட முன்னமே தம்பி மனைவி புஸ்பராணியிடம் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் ஊசியால் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். இரண்டு கிழமையில் முடிவு வந்தது. அதை வாங்கப் போனவன் சோமசேகரம்.

"கொழுப்புக் கட்டியாம் மாமி. ஒண்டுமில்லை," என்றான். வங்கியில் வேலை செய்பவர்களுக்கு முகத்தை மாற்றாமல் இல்லையென்று சொல்லும் பழக்கம் உண்டு.

அடுத்த நாள், மிஸ் மேசைக்குப் போன பிறகு, பாலையூற்று வீட்டின் குசினி அடுப்படியில் கூட்டம் நடந்தது. பங்குபற்றியோர்: சோமசேகரம், அவன் தாய் புஸ்பராணி, தொலைபேசியில் கனடாவிலிருந்து மூத்தவன் பாக்கியரத்தினம்.

"இந்த வயசில ஏன் கத்தி வைப்பான்? மருந்துக் குளிசை ஏதும் குடுத்தால் இருக்கிற மட்டும் இருந்திட்டுப் போறா," என்றார் புஸ்பராணி.

"இந்த வயசில அது இருந்தென்ன, போயென்ன அம்மா? முழுசா எடுத்துவிட்டால் பயமில்லை," என்றான் சோமசேகரம்.

"இந்த வயசில ரோட்டில என்ன மேசை?" என்றது கனடா. "வெட்டின உடன கொழும்பில, வெள்ளவத்தைச் சித்தி வீட்டில விட்டிடுங்கோ. அங்கயே இருக்கட்டும்."

மூன்று அபிப்பிராயங்கள், மூன்றுக்கும் தொடக்கம் ஒன்று. எழுபத்து நாலு என்ற எண்ணை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து இழுத்தார்கள். அந்த எண்ணுக்கு உரியவர் அந்த நேரம் கச்சேரி வாசலில், வேறு யாருடைய தலைவிதியையோ மூன்று பிரதியில் அடித்துக்கொண்டிருந்தார். அவரைக் கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அன்பில் குறைவென்று சொல்ல முடியாது. புஸ்பராணி அந்தக் கிழமை முழுக்கச் சோற்றுக்கு உப்புப் போட மறந்தார். சோமசேகரம் இரண்டு தரம் சைக்கிளோடு விழுந்தான். அன்பு கூடிய வீடுகளில்தான் நோயாளிக்கு நோயைச் சொல்லமாட்டார்கள்.

கடைசியில் முழுசாக எடுப்பதென்றும், பிறகு வெள்ளவத்தை என்றும், மிஸ்ஸிடம் கண் என்று சொல்வதென்றும் தீர்மானமாயிற்று.

இதில் ஒரு சிக்கல். கொழும்புக்குப் போக, அடித்துக்கொண்டு போய் விதானையார் என்ற கிராம அதிகாரியிடம் கையெழுத்து வாங்கிய கடிதம் வேண்டும்: ஏன் போகிறார், எங்கே தங்குவார், எப்போது திரும்புவார். சிங்களத்தில் இருந்தால் சோதனைச் சாவடியில் ஒரு மணித்தியாலம் மிச்சம். ஆஸ்பத்திரித் துண்டும் கூடவே போவதால் ஆமிக்குக் காட்டும் கடிதத்தில் கண் என்று எழுத ஏலாது. வீட்டில் பொய், ரோட்டில் உண்மை. யுத்தம் இப்படியும் சில நன்மைகளைச் செய்தது.

சோமசேகரம் மூளைசாலி. மாமியின் மேசைக்குப் போகாமல், மிஸ் தபாற்கந்தோருக்குப் போன நேரம் பார்த்து, மூன்றாம் மேசை ஜவாஹிரிடம் போனான்.

"ஜவாஹிர் நானா, இது மாமிக்குத் தெரியவே கூடாது."

"அல்லாஹ் மேல ஆணை. என்ட வாயிலிருந்து வராது தம்பி."

வாயிலிருந்து வரவும் இல்லை. ஆனால் ஜவாஹிரிடம் சிங்கள மெசின் இல்லை. அந்த வீதியில் ஒன்றுதான் இருந்தது. யாருடையதென்று மேலே சொல்லியாயிற்று.

"மிஸ், உங்கட சிங்கள மெசினை அரை மணித்தியாலம் தாங்களேன். ஒரு லைசென்ஸ் அலுவல்."

"காபன் இருக்கோ?"

"முடிஞ்சி மிஸ்."

மிஸ் மேசை லாச்சியைத் திறந்து ஒரு புதுத் தாள் கொடுத்தார். அந்த வருஷம் காபன் கிடைப்பது குதிரைக் கொம்பு. ஒரு தாளை இருபது தரம் பாவிப்பார்கள். ஒவ்வொரு தரமும் வெளிச்சத்தில் பிடித்து எந்த இடம் தேய்ந்திருக்கிறதென்று பார்த்து, அதைத் திருப்பிப் போடுவார்கள். அந்த மரத்தடிக்கு அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தவரே மிஸ்தான். கொடுத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார்.

திரும்பி வந்தபோது ஜவாஹிர் நிழலில் இருந்தபடி வியர்த்துக்கொண்டிருந்தார். மிஸ் காபனை எடுத்தார். வழக்கம்போல வெயிலுக்குப் பிடித்தார். ஒரே ஒரு தரம் பாவித்த புதுத் தாள். ஒவ்வோர் எழுத்தும் துலக்கமாய் நின்றது.

பெயர், இராசமலர். வயது, எழுபத்து நாலு. காரணம், இடது மார்பில் ஆரம்ப நிலைப் புற்றுநோய். மார்பு முழுவதையும் அகற்றும் சத்திரசிகிச்சை. தங்கும் காலம், நிரந்தரமாக, வெள்ளவத்தையில் உறவினருடன்.

"மிஸ், வெயில் கூட. உள்ளுக்கு வாங்களேன்," என்றார் ஜவாஹிர்.

"நல்லாப் பதிஞ்சிருக்கு, ஜவாஹிர்," என்றார் மிஸ். தாளை மடிக்காமல் லாச்சிக்குள் வைத்தார்.

அன்று பதினொரு மணிக்கே மெசினுக்கு உறை போட்டாயிற்று. நிலாவெளி பஸ்ஸில் ஏறிக் கடைசித் தரிப்பு வரை போய், அங்கே இறங்காமல் அதே பஸ்ஸில் திரும்பினார். வழியில் உள்ள சாவடியில் எல்லோரும் இறங்கி நடந்து கடக்க வேண்டும். போகும்போது ஒருதரம், வரும்போது ஒருதரம் நடந்தார். இரண்டாம் தரம் ஆமிக்காரன் கேட்டான், எங்கே போய் வருகிறாய் என்று. "எங்கேயும் இல்லை," என்று சிங்களத்தில் சொன்னார். உண்மையைச் சொன்னால் சந்தேகப்படுவார்கள். பையைக் கொட்டிப் பார்த்தார்கள்.

நோய் பயம் தந்தது. 'நிரந்தரமாக' என்ற சொல் அதைவிடக் கூடத் தந்தது. ஆனால் மிஸ்ஸை இருக்கவிடாமல் விரட்டியது ஒரு சின்ன விஷயம். தட்டச்சு மெசினில் ஒரு வரி முடிந்ததும் இடது கையால் நெம்பைத் தள்ளி அடுத்த வரிக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு பக்கத்துக்கு முப்பது வரி, முப்பது தள்ளல். ஒரு நாளைக்கு எத்தனை பக்கம்! இடது மார்பை எடுத்தால் இடது கை எழும்புமா? இதை யாரிடம் கேட்பது? கேட்டால், தனக்கு நோய் தெரியும் என்பது வீட்டாருக்குத் தெரிந்துவிடும்.

முற்றத்துக் கொடியில் உடுப்புக் காயப்போடும் சாட்டில், இடது கையைத் தூக்கிப் பார்த்தார். தூக்கினார், இறக்கினார், தூக்கினார். ஒரே துவாயை ஏழு தரம் காயப்போட்டார். பிறகு உள்ளே வந்து விறாந்தைக்கும் குசினிக்கும் நடந்தார்.

"மச்சாள், ஒரு இடத்தில இருங்கோவன். எனக்குத் தலை சுத்துது," என்றார் புஸ்பராணி.

"கண் தெரியேல்லை மச்சாள். கதிரை எங்க கிடக்கெண்டு தேடுறன்."

புஸ்பராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போனார். சிரிப்பா அழுகையா என்று அவருக்கே தெரியவில்லை என்று பின்னாளில் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை மூதூர் லோஞ்சில் ஆமினா உம்மா வந்தார். மகன் தாஹிரைப் பிடித்துக்கொண்டு போய் மூன்று மாதம். செவ்வாய்தோறும் வந்து ஒரு கடிதம் அடிப்பிப்பார். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த செவ்வாய்க்கு இன்னொன்று.

"மிஸ், நீங்க கொழும்புக்குப் போறீங்களாமே?"

"ஓம்."

"வருவீங்கதானே?"

மிஸ்ஸின் விரல் நின்றது. "அடுத்த கடிதத்துக்குத் தேதி போடாமல் வைச்சிருங்கோ. வந்து போடுவன்," என்றார்.

ஆமினா உம்மா போனதும் சிங்கள மெசினின் உறையைக் கழற்றி, ஒரு தாளைச் செருகினார். காரணம்: புற்றுநோய்க்கு வைத்திய ஆலோசனை. சிகிச்சை: இன்னும் தீர்மானிக்கப்படவில்லை. தீர்மானிப்பவர்: நோயாளி. திரும்பும் காலம்: சிகிச்சை முடிந்ததும், இதே விலாசத்துக்கு.

விதானையார் குலசிங்கம் மிஸ் அடித்த கடிதங்களை இருபது வருஷமாக வாசிக்காமலே கையெழுத்து வைக்கிறவர். அன்றைக்கும் பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நேற்றும் உங்கட பேரில ஒண்டு வைச்ச ஞாபகமா கிடக்கு, மிஸ்?"

"அது வரைவு ஐயா. இதுதான் சரியானது."

"ஓமோம்," என்று முத்திரையைக் குத்தினார்.

வியாழக்கிழமை காலை பஸ் புறப்பட்டது. கந்தளாய்ப் பாதையில் பெரிய சாவடி. எல்லோரும் வரிசையில் இறங்கினார்கள். சோமசேகரம் மாமியை முந்திக்கொண்டு தன் சட்டைப்பைக் கடிதத்தை நீட்டினான். அதே கணம் மிஸ் தன் கைப்பைக் கடிதத்தை நீட்டினார்.

இளம் அதிகாரி இரண்டையும் வாங்கினான். ஒரே ஆள், ஒரே விதானையார், ஒரே முத்திரை, இரண்டு காரணம். அந்தக் காலத்தில் ஒரு மனிதருக்கு ஒரு காரணமே அதிகம். இருவரையும் வரிசையிலிருந்து விலக்கி மணல் மூட்டைக்குப் பக்கத்து வாங்குப் பலகையில் இருத்தினார்கள்.

அதிகாரி முதல் கடிதத்தை உரக்க வாசித்தான். புற்றுநோய் என்ற இடம் வந்ததும் சோமசேகரத்தின் முகம் சுண்ணாம்பாயிற்று.

"மாமி, அது... அது வேற ஆரின்ரயோ கடிதம் மாறி..."

"என்ர பேரில, என்ர வயசில, என்ர நெஞ்சோட வேற ஆள் இருக்கோ தம்பி?"

"எது உண்மை?" என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டான்.

"நோய் இரண்டிலும் உண்மை," என்றார் மிஸ், முப்பது வருஷக் கந்தோர்ச் சிங்களத்தில். "மற்றது இன்னும் தீர்மானமாகவில்லை."

"யார் தீர்மானிப்பது?"

"இரண்டாம் கடிதம், மூன்றாம் வரி."

அவன் மூன்றாம் வரியைப் பார்த்தான். பிறகு சோமசேகரத்தைப் பார்த்தான். "இவர் யார்?"

"என் பெட்டியைத் தூக்குகிறவர்."

கடிதங்களோடு உள்ளே போனவன் நாற்பது நிமிஷம் வரவில்லை. வயர்லெஸ் இரைந்தது. பஸ் ஹோர்ன் அடித்தது. ஜன்னலோரத்தில் ஒருவர், "ஒரு கிழவிக்கு எத்தினை கடிதமப்பா!" என்று பொருமினார். மிஸ் எழுந்து நடக்கப் பார்த்தார். துவக்கோடு காவல் நின்ற சிப்பாய் இருக்கச் சொன்னான். வாழ்நாளில் அவர் தொடர்ந்து நாற்பது நிமிஷம் ஓரிடத்தில் இருந்தது அன்றைக்குத்தான். குதிக்கால் மட்டும் மணலைக் கிண்டிக்கொண்டே இருந்தது. பஸ் விட்டுவிட்டுப் போனால், ஆஸ்பத்திரித் தேதியும் போய்விடும். அடுத்த தேதிக்கு எத்தனை மாதமோ.

அதிகாரி வந்தான். சோமசேகரத்தின் கடிதத்தைத் தன் கடுதாசிக் கோவைக்குள் வைத்துக்கொண்டு மற்றதை மிஸ்ஸிடம் தந்தான். நிரந்தரமாகப் போகிறவர்களைத்தான் விசாரித்து அனுமதி எடுக்கவேண்டும், திரும்பி வருவதாக எழுதியவர் போகலாம் என்றான். குடும்பமே கூடி எடுத்த தீர்மானம் இப்படி ஒரு கோவைக்குள் போய்ச் சேர்ந்தது. அது இன்னும் அங்கேயே இருக்கக்கூடும்.

காத்திருந்த பஸ் அவர்களை ஏற்றிக்கொண்டு ஹபரணையைத் தாண்டியதும் சோமசேகரம் கேட்டான்.

"ஜவாஹிர் நானா சொல்லிப்போட்டாரோ?"

"அந்த மனுசன் மூச்சு விடேல்லை. பிழையில்லாமல் நல்லா அழுத்தி அடிச்சிருந்தார்."

"நீங்கள் பயப்பிடுவியள் எண்டுதான் மாமி..."

"பயந்துகொண்டுதான் இருக்கிறன். தனியப் பயப்பிட வைச்சிட்டியள்."

அவன் மாமியின் பெட்டியை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

சத்திரசிகிச்சை நிபுணர் ஒரு சிங்களப் பெண்மணி. கோப்பைப் பார்த்துவிட்டுச் சோமசேகரத்திடம் ஆங்கிலத்தில், அம்மாவின் வயதைப் பார்த்தால் என்று தொடங்கினார். மிஸ் கைப்பையிலிருந்து மூன்று தாள்களை எடுத்து மேசையில் பரப்பினார். அசல் வைத்தியருக்கு, முதல் பிரதி தனக்கு, இரண்டாம் பிரதி சோமசேகரத்துக்கு. தலைப்பு: கேள்விகள். வைத்தியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, கதிரையை மிஸ்ஸின் பக்கம் திருப்பினார்.

ஒன்றும் செய்யாமல் விட்டால்? வளரும், எவ்வளவு வேகத்தில் என்று யாராலும் சொல்ல ஏலாது. குளிசை மட்டும் எடுத்தால்? சில வருஷங்கள் அடக்கி வைக்கக்கூடும். உடம்பு கத்தியைத் தாங்காதவர்களுக்கு அதுதான் வழி, ஆனால் உங்கள் இருதயம் என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. கட்டியை மட்டும் எடுத்தால்? எடுக்கலாம், பிறகு ஐந்து கிழமை, சனி ஞாயிறு தவிர தினமும், கதிர்ச் சிகிச்சை. கரண்ட் பிடிக்கிறது என்று சனங்கள் சொல்வது அதைத்தான். முழுவதையும் எடுத்தால், உங்கள் கட்டியின் அளவுக்கு, அநேகமாக அது தேவைப்படாது.

"ஏழாவது கேள்வி," என்றார் மிஸ்.

வைத்தியர் வாசித்தார். இடது கையால் நெம்பு தள்ள முடியுமா? "என்ன நெம்பு?"

மிஸ் மேசையிலிருந்த வைத்தியரின் நாட்குறிப்பை மெசினாக வைத்து, தள்ளிக் காட்டினார். வைத்தியர் சிரிக்கவில்லை. அக்குளிலும் கத்தி வைப்பதால் தோள் இறுகும், பயிற்சி செய்தால் இரண்டு மாதத்தில் பெரும்பகுதி திரும்பும், சிலருக்குக் கை வீங்கும், யாருக்கென்று முன்கூட்டிச் சொல்ல ஏலாது என்றார். கடைசியில், "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்காக மிஸ் கச்சேரியிலிருந்து நிலாவெளி, நிலாவெளியிலிருந்து பாலையூற்று, பாலையூற்றிலிருந்து கொழும்பு என்று அலைந்திருக்கிறார். அது வந்ததும், எழுந்து ஜன்னல் வரை நடந்து திரும்பி வந்தார்.

"முழுவதையும் எடுங்கள். ஐந்து கிழமை கொழும்பில் பொலிஸில் பெயர் பதிந்துகொண்டு குந்தியிருக்க எனக்கு ஏலாது. ஒரு ஆள் தேதி போடாத கடிதத்தோடு காத்திருக்கிறா."

"மாமி!" என்றான் சோமசேகரம். "இதைத்தானே நாங்களும் முதலே சொன்னனாங்கள்!"

"ஓம் தம்பி. நீ எழுதினதில பெரிய பிழை இல்லை. கையெழுத்துத்தான் பிழை."

சம்மதப் படிவம் வந்தது. பழக்கத்தில் பேனையைத் திறந்தது அவன். அவன் கையிலிருந்து அதை வாங்கிக் கையெழுத்துப் போட்டது மிஸ்.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு, அக்குள் நெறிக்கட்டிகளில் நோய் பரவியிருக்கவில்லை என்று முடிவு வந்தது. ஐந்து வருஷத்துக்குக் குளிசை எழுதினார்கள். எழுபத்தொன்பது வயது வரைக்கும் வேலை தந்திருக்கிறார்கள் என்றார் மிஸ். சித்தி வீட்டில் மூன்று கிழமை இருந்து, தையல் காய்ந்ததும் பஸ் ஏறினார். வெள்ளையடித்த சுவரில் விரலால் ஏறிஏறிக் கையை உயர்த்தும் பயிற்சியில், வெள்ளவத்தை வீட்டின் ஒரு சுவர் ஊத்தையானதாகச் சித்தி இன்றைக்கும் குறை சொல்வார்.

வாகை மரத்தடியில் உறை கழன்றது ஒரு செவ்வாய்க்கிழமை. ஆமினா உம்மா வந்தார். ஜவாஹிர், "நான் அடிச்சித் தாறன் மிஸ்," என்றார். "உங்கட அலுவலைப் பாருங்கோ, லைசென்ஸ்காரர்," என்றார் மிஸ். ஜவாஹிர் தன் மெசினுக்குத் திரும்பினார்.

முதல் வரியின் முடிவில் இடது கை நெம்பு வரைக்கும் எட்டவில்லை. பாதி வழியில் தோள் இழுத்துப் பிடித்தது. மிஸ் கொஞ்ச நேரம் மெசினை முறைத்தார். பிறகு வலது பக்கத்தில் வரியை நிறுத்தும் ஓரத்தடையை உள்ளே நகர்த்தினார். வரி குறுகியது, கை போகவேண்டிய தூரமும் குறுகியது. தாஹிரைப் பற்றிய அந்தக் கடிதம் முழுத்தாளில் ஒடுங்கிய வாய்க்காலைப் போல இறங்கி, இரண்டாம் பக்கத்துக்கும் போனது. தேதி போட்டார்.

அதன் பிறகு ஒவ்வொரு கிழமையும் தடையை ஒரு நூலளவு வெளியே நகர்த்தினார். கச்சேரிக் கோவைகளில் அந்த வருஷத்துக் கடிதங்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு பெண்ணின் கை உயர்ந்த கதை தெரியும். சித்திரையில் ஒடுக்கம், ஆனியில் கொஞ்சம் அகலம், ஆவணியில் இன்னும் அகலம். கடைசி அரை அங்குலம் மட்டும் திரும்பி வரவே இல்லை. அந்த வெறுமையான ஓரத்தில் அதிகாரிகள் பச்சை மையால் 'பரிசீலிக்கவும்' என்று எழுதத் தொடங்கினார்கள். அதுவரை எழுத இடமில்லாமல்தான் பேசாமல் இருந்தார்களோ என்னவோ. கச்சேரியிலிருந்து திரும்பி வந்த தாஹிரின் கடிதப் பிரதியிலும் ஒருநாள் அந்தச் சொல் இருந்தது. ஆமினா உம்மா அதை வெயிலுக்கு உயர்த்திப் பிடித்துப் பார்த்தார்.

"பின்னால ஒண்டும் இல்லை உம்மா, அவ்வளவுதான் எழுதியிருக்கு," என்றார் மிஸ், எழுந்து நின்று அடுத்த தாளைச் செருகியபடி. "சொல்லுங்கோ, அடிப்பம்."